ஓட்டமும் நிறுத்தமும்

விரைந்து செல்லும் வண்டியைக் கண்டு வியவாதார் இலர். அவ்வண்டி எவ்வாறு நிற்கும் என வினவுவாரோ மிகச் சிலர். இங்கிலாந்தில் வாழும் பழைய மாணவர் சிலர் ஒன்றுகூடிப் பழைய பந்தய மாதிரிக் கார் ஒன்றின் பிறேக்கை மாற்றியமைத்தோம். அம்முயற்சியினாற் பெற்ற கருத்தொன்றை இம்மலரின் வாசகர்முன் வைக்க விழைகின்றோம். பழைய வண்டியைப் புதுக்குவோர் முதலிற் கைவைக்கவேண்டியது பிறேக்கிலேயாம். அவ்வேலையில் நட்பின் தாட்சணியத்துக்கு இடங்கொடுத்தலாகாது. இதுவே எமது துணிபு.

யாம் எடுத்துக்கொண்டது எம்.ஜி.ஏ. என்னும் கார். 1955 முதல் 1962 வரை அபிங்டன் நகரத் தொழிற்சாலையில் ஓரிலட்சத்துக்கு மேற்பட்டவை செய்யப்பட்டன. பெரும்பாலானவை கடல் கடந்து சென்றன. முதலில் வெளிவந்தவற்றில் நான்கு சில்லுகளிலும் டிறம் பிறேக்கே அமைந்திருந்தது. சுழலும் இரும்புக் கலத்தினுள்ளே, லைனிங் ஒட்டிய இரு சூக்கள் வெளிப்புறமாக விரிந்து உராய்தலே அதன் முறை.

வேகம் இருமடங்காயின் இயக்கசக்தி நான்கு மடங்காகும் என்பதை விஞ்ஞான மாணவர் அறிவர். மணிக்கு 60 மைல் வேகத்திற் செல்லும் வண்டியை நிறுத்துகையில், 30 மைல் வேகத்தில் எழுவதைப் போல நான்கு மடங்கு வெப்பம் பிறேக்கிலே எழும். வெப்பத்தால் டிறம் விரிந்து சூக்களை விட்டு அகலும். லைனிங்கின் உராய்வும் குறையும். எவ்வளவு மிதித்தாலும் வண்டி நில்லாது. நுவரெலியாவினின்று இறங்கும் லொறிகளின் பின்னே சென்றோர் அந்த எரிமணத்தை மறந்திரார்.

டிஸ்க் பிறேக்கோ காற்றுப்பட வெளியே சுழல்வது; விரைவிற் குளிர்வது. 1953இல் லெ மான் பந்தயத்தில் டன்லப் டிஸ்க் பிறேக் பூண்ட ஜாகுவார் வெற்றியீட்டியது. 1956இல் ட்றயம்ப் ரி.ஆர்.3 காரின் முன்சில்லுகளுக்கும், 1959இல் எம்.ஜி.ஏ. 1600இன் முன்சில்லுகளுக்கும் அது வந்தது. ஆதலின், மாற்றஞ் செய்தல் பழமையைச் சிதைப்பதாகும் என்பாருக்கு எமது விடை எளிது: தம்பி வண்டியின் உறுப்பையே அண்ணன் வண்டிக்குப் பூட்டினோம். கழற்றியவற்றையும் எறிந்துவிடாது துடைத்துப் பெட்டியில் வைத்துள்ளோம்.

இவ்வேலை தனியொருவராற் செவ்வனே நிறைவேறுவதன்று. குழாயினுட் புகுந்த காற்றை வெளியேற்றுதற்கு இருவர் வேண்டும். ஒருவர் உள்ளேயிருந்து மிதிப்பர். மற்றவர் சில்லருகே படுத்துத் திருகைத் திறப்பர். மிதித்த கால் எழுமுன் திருகை மூடவேண்டும். சொல் தவறினாற் காற்று மீளப் புகும். எண்ணெயோ நீரை உறிஞ்சும் இயல்பினது. டொட் 4 வகையெண்ணெய் புதிதாயிருக்கையில் 230 பாகை செல்சியசுக்குக் குறையாத வெப்பத்திற் கொதிக்கும். நீர் கலந்த நிலைக்கோ 155 பாகையே வரையறை. பழைய லைனிங்கின் தூசியில் கல்நார் இருக்கலாமாதலின் அதனை ஊதுதலும் உலர்ந்தபடி துடைத்தலும் தகா.

எல்லாம் முடிந்ததென மகிழ்ந்தோம். எம்முள் மூத்தவராகிய காரின் உரிமையாளர், மறுநாள் ஒன்றுகூடலுக்கு அதிற் குடும்பத்துடன் செல்வதாக வாக்களித்துவிட்டார். மாலையிற் சிறிது தூரம் ஓட்டி வந்தபோது முன்சில்லுகள் இரண்டும் கைவைக்க இயலாவாறு சுட்டன. "புதிய பிறேக் அல்லவா, படியப் படியச் சரியாகும்" என்றார் அவர். யாமும் வாளாவிருந்தோம். கல்லூரியில் எமக்குப் பல ஆண்டு பின்னே பயின்ற இளையவர் ஒருவர் மட்டும், "அண்ணை, இந்தக் கார் நாளைக்குப் போகக்கூடாது" என்று கூறித் திறப்பைத் தம் பையில் இட்டுக்கொண்டார். மூத்தவர் முகம் சிவந்தது. தேநீரும் அருந்தாது உள்ளே சென்றார்.

மறுநாட் கழற்றிப் பார்த்தபோது பிழை எம்முடையதே எனத் தெரிந்தது. டிறம் பிறேக்குக்காகக் குழாயினுட் சிறிதளவு அமுக்கத்தை எந்நேரமும் பிடித்துவைக்கும் வால்வை மாற்றாது விட்டிருந்தோம். டிறமில் சூக்களை மீள இழுக்க வில்லுண்டு, டிஸ்கில் அஃதில்லை. அவ்வமுக்கம் பாட்களை டிஸ்குடன் ஓயாது உராயச் செய்தது. நெடுந்தூரம் சென்றிருப்பின் எண்ணெய் கொதித்து ஆவியாகியிருக்கும். மிதித்த கால் வெறுந்தரையைத் தொட்டிருக்கும்.

இங்கிலாந்திலே 2018 முதல், பெருமாற்றஞ் செய்யப்படாத, நாற்பது ஆண்டு கடந்த கார்களுக்கு ஆண்டுப் பரிசோதனை கட்டாயமன்று. இதனைச் சலுகை என்பர் பலர். யாம் பொறுப்பு என்போம். சட்டம் கேளாதபோது கேட்கவேண்டியவன் நண்பனே. பிறேக் வேலையைத் துணையுடன் செய்க. செய்தபின், அதிற் கைவையாத தேர்ந்த தொழிலாளி ஒருவரிடம் காட்டுக. மாற்றத்தைக் காப்புறுதியாளருக்கும் அறிவிக்க.

மூத்தோரை மதித்தல் எம் கல்லூரி ஊட்டிய நற்பழக்கம். அதனைக் கைவிடுமாறு யாம் கூறோம். ஆயினும் மதிப்பு வேறு, மௌனம் வேறு. வள்ளுவர் நட்புக்கு ஐந்து அதிகாரம் வகுத்தார். தவறுங்கால் இடித்துரைத்தலையும் நட்பின் கடமையாகவே வைத்தார். அன்று உள்ளே சென்ற மூத்தவர், வால்வைக் கண்ணாற் கண்டபின், அத்தம்பியையே முதன்முதல் அக்காரிற் பக்கத்தில் இருத்திச் சென்றார். மூத்தோர் முன் "கூடாது" எனச் சொல்லும் துணிவு மாணவர்க்கும், அதனைக் கேட்கும் பெருமை எம்போன்ற பழைய மாணவர்க்கும் உண்டாவதாக.