கத்தி அல்ல, காலதாமதமே கொல்கிறது

“கத்தி பட்டால் புற்றுநோய் பரவிவிடும்.” நம்மவர்களிடையே இன்னும் உலவும் இந்தப் பேச்சு வாய்ப் புற்றுநோயில் மிகவும் ஆபத்தானது. காரணம், இந்த நோய்க்கு முதல் சிகிச்சையே அறுவைதான்.

மலேசியாவில் இந்நோய் நம் சமூகத்தை, மக்கள்தொகை விகிதத்தை மீறிய அளவில் தாக்குகிறது. குறிப்பாக, வெற்றிலை பாக்குப் போடும் பெண்களை. “நான் புகையிலை சேர்ப்பதில்லையே” என்பது ஆறுதல் ஆகாது. புகையிலை இல்லாத வெற்றிலை பாக்கும், ஏன், வெறும் பாக்கும்கூடப் புற்றுநோயை உண்டாக்கும் என்று அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட அறிக்கையில் தெளிவாகக் கூறியது.

கட்டி சிறியதாக இருக்கும்போதே வந்தால் பலருக்கு அறுவை சிகிச்சை மட்டுமே போதும். கட்டி பெரிதாகியோ, கழுத்திலுள்ள நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியோ இருந்தால், அறுவைக்குப் பின் சுமார் 6 வாரம் கதிரியக்கச் சிகிச்சை தேவைப்படும். வெட்டிய விளிம்பில் புற்றணுக்கள் எஞ்சியிருந்தால் சிஸ்பிளாட்டின் என்ற மருந்தும் சேரும். தாடை எலும்பை எடுக்க நேர்ந்தால், கீழ்க்காலின் மெல்லிய எலும்பைக் கொண்டு புதுத் தாடை அமைப்பார்கள். பொதுவாக, முதல் கட்டத்தில் சிகிச்சை பெறுவோரில் ஏறக்குறைய 5 பேரில் 4 பேர் 5 ஆண்டுகளைக் கடக்கிறார்கள். முற்றிய நிலையில் வருவோரில் பாதிப் பேர்கூடக் கடப்பதில்லை.

“வாயில்தானே நோய்? வீக்கமே இல்லாத கழுத்தை ஏன் வெட்ட வேண்டும்?” என்பது நியாயமான கேள்வி. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை இதை ஆராய்ந்து 2015இல் விடை சொன்னது. ஆரம்ப நிலை நோயாளிகளில் ஒரு பிரிவினருக்கு வாய்க் கட்டியுடன் கழுத்துக் கணுக்களையும் அப்போதே அகற்றினார்கள். மறு பிரிவினருக்குக் கழுத்தில் நோய் தெரிந்த பிறகே அகற்றினார்கள். 3 ஆண்டுகளுக்குப் பின் முதல் பிரிவில் 80 விழுக்காட்டினர் உயிருடன் இருந்தனர். மறு பிரிவில் 67.5 விழுக்காட்டினர். கத்தி நோயைப் பரப்பவில்லை. காத்திருந்ததுதான் உயிர்களைப் பறித்தது.

பிறகு ஏன் இந்தப் பேச்சு ஓயவில்லை? நாட்டு மருந்து, எண்ணெய், பத்தியம் என்று மாதங்களைக் கடத்திவிட்டு, முற்றிய பிறகு அறுவைக்குப் போகிறோம். நோய் திரும்பினால் பழி கத்தியின் மேல் விழுகிறது.

புது மருந்து வரட்டும் என்று காத்திருப்போரும் உண்டு. நோய் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் பெம்ப்ரோலிசுமாப் மருந்துக்கு, தலை, கழுத்துப் புற்றுநோய் அறுவைக்கு முன்னும் பின்னும் கொடுப்பதற்காக, 2025இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. அதுவும் அறுவைக்குத் துணைதான், மாற்று அல்ல.

பயத்தைக் குறை சொல்ல முடியாது. பேச்சு குழறலாம், விழுங்குவது சிரமமாகலாம், முகம் மாறலாம். இவற்றை நோயாளிக்குப் புரியும் மொழியில் முன்கூட்டியே விளக்குவது மருத்துவர்களின் கடமை. ஆனால் சீக்கிரம் போனால் வெட்டும் குறையும், இழப்பும் குறையும்.

சீக்கிரம் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். கேரளத்தின் திருவனந்தபுரத்தில் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் மக்களின் வாயை வெறும் கண்ணால் பரிசோதித்தார்கள். புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோய் மரணங்கள் 34 விழுக்காடு குறைந்ததாக 2005இல் முடிவு வெளியானது.

நம் ஆலயங்களும் சங்கங்களும் நடத்தும் மருத்துவ முகாம்களில் இனிப்பு நீரும் இரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள். அங்கே ஒரு பல் மருத்துவரையும் உட்கார வைத்து வாயையும் பார்க்கச் சொல்ல வேண்டும். அதுவரை, 2 வாரமாகியும் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாய் திறக்க முடியாத இறுக்கம் ஆகியவற்றில் எது இருந்தாலும், வலி இல்லையே என்று விட்டுவிடாமல், அருகிலுள்ள அரசாங்கப் பல் கிளினிக்கிற்கு அம்மாவையும் பாட்டியையும் அழைத்துச் செல்லுங்கள்.