விருந்தினர் யார்? வீட்டுக்குடையவர் யார்?

ஒரு நாட்டிற்குள் வருவோரை வகைப்படுத்தி, இன்னார் இத்தனை காலம் தங்கலாம், இன்னாருடைய மனைவி மக்களும் உடன் இருக்கலாம் என்று விதிக்கும் அதிகாரம் அந்நாட்டு அரசாங்கத்துக்கு உண்டு. அதை நாம் மறுக்கவில்லை. சிகிரியாவையும் தம்புள்ளையையும் காண வருபவருக்கு வருகை விசா. தொழில் புரியவும் முதலிடவும் கல்வி கற்கவும் வருபவருக்கு வதிவிட விசா. வந்தவர் விருந்தினர், தவணை முடிந்ததும் விடைபெறுவார். இதில் வழக்கேதுமில்லை. வீட்டுக்குடையவனையே விருந்தினன் என்று எழுதி வைத்தார்களே, அங்கேதான் நமது வழக்குத் தொடங்குகிறது!

அவ்வழக்குக்கு மாத்தளை மண்ணே சாட்சி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கிய தமிழ்நாட்டு உழைப்பாளர், காடு கடந்து, தம்புள்ளை வழியே மாத்தளைக்கு நடந்தே வந்தனர். வாந்திபேதிக்கும் பட்டினிக்கும் இரையாகி வழியில் வீழ்ந்தோர் எத்தனை பேர்! எஞ்சியோர் கோப்பி நட்டனர். கோப்பி அழிந்தபின் தேயிலையும் இறப்பரும் நட்டனர். அவர்தம் பிள்ளைகளும் பேரர்களும் இம்மண்ணிலேயே பிறந்தனர், இம்மண்ணிலேயே புதைந்தனர்.

சுதந்திரம் வந்தது, கூடவே 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டமும் வந்தது. இங்கே பிறந்தது போதாதாம்! தந்தை இங்கே பிறந்தவரென்று காட்ட வேண்டும். இன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்களென்று காட்ட வேண்டும். லயத்துக் காம்பராவில் பிறந்த பாட்டனுக்குப் பிறப்புச் சாட்சிப் பத்திரம் எழுதி வைத்தவர் யார்? ஒரு சட்டத்தின் கீறலில் இலட்சக்கணக்கானோர் நாடற்றவராயினர்.

1964 ஒக்டோபர் 30ஆம் நாள் ஸ்ரீமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 9,75,000 மக்களைப் பங்கு போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்வோம் என்றார்கள். அவ்வொப்பந்தத்தில் ஒரு சலுகை உண்டு. இந்தியாவுக்கு அனுப்பப்படவிருந்தோர் கப்பலேறும் நாள்வரை இங்கே வசிப்பதற்கு இலவச விசா! 55 வயதோ பயண நாளோ, எது முந்துகிறதோ அதுவரை வேலை! பிறந்த லயத்தில் உறங்குவதற்கும், தன் தாய் நட்ட தேயிலையில் கொழுந்து கிள்ளுவதற்கும் விசா! உலகில் வேறெங்கேனும் இத்தகைய கருணையைக் கண்டதுண்டா? அண்ணன் ஒரு நாட்டுப் பிரஜையாகவும் தம்பி மற்றொரு நாட்டுப் பிரஜையாகவும் பிரிந்த குடும்பங்களின் கண்ணீருக்கு எந்தக் கணக்கேட்டிலும் பத்தியில்லை.

1984இல் தலைமன்னார்க் கப்பற் போக்குவரத்து நின்றது. போகாதோர் போகாமலே இருந்தனர். 1988ஆம் ஆண்டுச் சட்டமும், 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் வந்த பிறகே நாடற்றோர் என்ற பெயர் நீங்கியது. அரை நூற்றாண்டுக்கு மேல் எடுத்த இக்காரியத்துக்காக யாரும் மார்தட்ட வேண்டியதில்லை.

"பிரஜாவுரிமைதான் கிடைத்துவிட்டதே, இன்னும் என்ன குறை?" என்று கொழும்பில் சிலர் கேட்கிறார்கள். சொல்கிறோம், கேட்கட்டும். தன் காணிக்கு உறுதி வைத்திருக்கும் விவசாயி அறிவான், உறுதியில்லாத குடியிருப்பு குடியிருப்பாகாது என்பதை. அவ்வுறுதியை ஈடுவைத்துக் கடன் பெற்றுப் பிள்ளையைப் படிக்கவைத்த உத்தியோகத்தனும் அறிவான். தோட்டத் தொழிலாளிக்கோ லயமும் தோட்டத்தது. அதைச் சூழ்ந்த நிலமும் தோட்டத்தது. பிறருடைய அனுமதியால் பிறருடைய இடத்தில் இருப்பதற்குத்தானே விசா என்று பெயர்? தாள் மாறியது, நிலை மாறவில்லை!

தலைமன்னாரிலிருந்து மூதாதையர் நடந்த அதே வழியில், 2023 ஜூலை இறுதியில் மலையக மக்களும் அவர்தம் நண்பர்களும் மீண்டும் நடந்தார்கள். ஆகஸ்ட் 12இல் மாத்தளையை அடைந்தார்கள். காணியுரிமையும் அவர்கள் கோரிக்கைகளுள் ஒன்று. அந்த மாதம் முடியுமுன்பே, அதே மாத்தளை மாவட்டத்து இரத்வத்தைத் தோட்டத்தில், ஒரு தொழிலாளர் குடும்பத்தின் தற்காலிகக் குடிலைத் தோட்ட அதிகாரி ஒருவர் உடைத்தெறியும் காட்சியை நாடே கண்டது. இருநூறு ஆண்டு உழைப்புக்குக் கிடைத்த மரியாதை அது!

இதன் அருகே வைத்துப் பாருங்கள். ஓர் இலட்சம் அமெரிக்க டொலரை வங்கியில் வைப்பிடும் அந்நியருக்குப் பத்தாண்டு விசா வழங்கும் திட்டத்துக்கு 2022இல் அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. பணத்தை வைப்பிட்டவருக்குப் பத்தாண்டு உறுதி. தலைமுறை தலைமுறையாக எலும்பையே வைப்பிட்டவருக்கு ஒரு பேர்ச் நிலத்துக்கும் உறுதியில்லை என்றால், இதை நீதி என்று எந்த நாக்குச் சொல்லும்?

அந்நியர் வரட்டும், அவர்தம் குடும்பங்களும் வரட்டும், நாடு செழிக்கட்டும். விருந்தோம்பலைத் தமிழனுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆனால் விருந்தினருக்குப் பாய் விரிக்கும் அரசாங்கம், வீட்டுக்குடையவனைத் திண்ணையில் நிறுத்தலாகாது. ஒவ்வொரு தோட்டக் குடும்பத்துக்கும், கணவன் மனைவி இருவர் பெயரிலும், வீடு கட்டவும் காய்கறி பயிரிடவும் போதிய காணியைச் சட்டப்படி செல்லும் உறுதியோடு வழங்குக! அதுவரை, பிரஜாவுரிமை வழங்கிவிட்டோம் என்று மேடையில் முழங்குவோர், கைமாறிய ஒரு விசாவைத்தான் வழங்கியிருக்கிறார்கள் என்றே நாம் கூறுவோம்.