சுவரை இடிக்கலாம்; கல்லும் மண்ணும் எங்கே போகும்?

சென்னையில் பழைய வீடுகளின் சமையல் அறைகள் புது உருவம் பெறுகின்றன. கடப்பைக்கல் மேடை போகிறது. கிரானைட் மேடை வருகிறது. குறுக்குச் சுவர் போகிறது, அறை விசாலமாகிறது. வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி!

இடித்த கல்லும் மண்ணும் எங்கே போகின்றன? பல வீடுகளில் இந்தக் கேள்வி எழுவதே இல்லை. "ரப்பிஷை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பார் மேஸ்திரி. இரவில் ஒரு வண்டி வரும். மறுநாள் ஏரிக்கரையிலோ, கால்வாய் ஓரத்திலோ ஒரு புதுக் குவியல் இருக்கும்.

40 மூட்டை!

10 அடி நீளம், 8 அடி உயரம், நாலரை அங்குல கனம் உள்ள ஒரு செங்கல் சுவர் சுமார் ஒன்றரை டன் எடை இருக்கும். இடித்து சிமெண்டு சாக்கில் கட்டினால் ஏறக்குறைய 40 மூட்டை. ஒரு வீட்டின் ஒரு சுவருக்கே இவ்வளவு!

இது கால்வாயில் விழுந்தால் மழைநீர் ஓட வழி இல்லை. தென் சென்னையின் வெள்ளத்தை வாங்கிக்கொள்வது பள்ளிக்கரணை சதுப்பு நிலம். 2022-ல் உலகப் புகழ் பெற்ற ராம்சார் பட்டியலில் அது சேர்ந்தது. அங்கேயும் கட்டிடக் கழிவைக் கொட்டியிருக்கிறார்கள். சதுப்பு நிலம் மேடானால், தண்ணீர் வீட்டுக்குள்தான் வரும்.

ஆலை இருக்கிறது

2016-ல் மத்திய அரசு கட்டிடக் கழிவுக்குத் தனி விதிகள் வகுத்தது. கழிவை உண்டாக்குகிறவரே அதற்குப் பொறுப்பு என்றது. 2025-ல் புதிய விதிகளும் வெளியாயின. கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் மாநகராட்சிக்கு மறுசுழற்சி ஆலைகள் உண்டு. கழிவை நொறுக்கி, சலித்து, மீண்டும் மணலாகவும் ஜல்லியாகவும் ஆக்குவதே இத்தகைய ஆலைகளின் வேலை.

பிறகு ஏன் ஏரியில் விழுகிறது? வண்டி வாடகைதான் காரணம். ஆலை ஒன்று வடக்கே, ஒன்று தெற்கே. கூலி பேசும்போது கழிவுக்கு யாரும் பணம் ஒதுக்குவதில்லை. வண்டிக்காரர் அருகில் உள்ள பள்ளத்தைத் தேடுகிறார். மிச்சம் ஒருவருக்கு, நஷ்டம் தெருவுக்கே!

செய்ய வேண்டியது

சுத்தியலைத் தூக்கும் முன்பே, கழிவு எங்கே போகும், செலவு யாருடையது என்று பேசி எழுதிக்கொள்ள வேண்டும். செங்கல்-காரை, கான்கிரீட், மண் இவற்றைத் தனித்தனியே குவிக்க வேண்டும். இரும்பும் மரமும் பழைய சாமான் கடைக்குப் போகும். காய்கறிக் குப்பையைக் கலக்கக்கூடாது. மாநகராட்சியின் 1913 எண்ணில் கேட்டால் வழி தெரியும்.

புது அடுப்படியில் பால் பொங்கும் நாளில், அடுத்த தெருவில் வெள்ளம் புகக்கூடாது அல்லவா?