தானியம் இருந்தும் பஞ்சம்

மழை பொய்த்தால் பஞ்சம் வரும் என்று சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் 1876-இல் தொடங்கிச் சென்னை ராஜதானியை வாட்டி வதைத்து, ‘தாது வருஷப் பஞ்சம்’ என்று கிராமத்துக் கிழவிகள் வாய்வழியாக வழங்கிவந்த அந்தக் கொடுமையை ஆராய்ந்து பார்த்தால், வயலில் விளைவு குன்றியதைக் காட்டிலும் ஏழையின் மடியில் காசு வற்றியதே லட்சக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோயிற்று என்பது என் அபிப்பிராயம்.

தானியம் வராமல் இல்லை. வங்காளத்திலிருந்து கப்பலில் வந்த அரிசி சென்னைக் கடற்கரையில் மூட்டை மூட்டையாகக் குவிந்தது. விலை ஏறினால் சரக்குத் தானே வந்துசேரும், சர்க்கார் குறுக்கிடலாகாது என்ற சித்தாந்தத்தை வேதமாகக் கொண்டிருந்த வைஸ்ராய் லிட்டன் பிரபுவின் இந்திய சர்க்கார், சென்னை சர்க்கார் முன்யோசனையோடு தானியம் வாங்கியதைக்கூடக் கண்டித்தது. அந்தச் சித்தாந்தம் பாதி மெய்தான். வியாபாரி இல்லாவிட்டால் அத்தனை மூட்டைகள் வந்திரா. ஆனால் சரக்கு பணத்தைத் தேடிப் போகுமேயன்றிப் பசியைத் தேடிப் போகாது. உழவு நின்றதால் பண்ணையாளுக்குக் கூலி இல்லை. அவன் துணி வாங்காததால் நெசவாளியின் தறி ஓய்ந்தது. தீவனமற்ற மாட்டையும் வீட்டுப் பித்தளைக் குடத்தையும் ஊரார் எல்லோரும் ஒரே சமயத்தில் விற்க வந்ததால் அவற்றின் விலை சரிய, அரிசி விலையோ ஏற, நேற்றுவரை ஒரு மாதச் சோறாக இருந்த குடம் இன்று சில வேளைக் கஞ்சியாகச் சுருங்கிப்போயிற்று.

நிவாரண வேலைக்குப் போனவன் கதி என்ன? நாளெல்லாம் மண் வெட்டும் ஆணுக்கு ஒரு ராத்தல் தானியத்தின் கிரயமும் ஓர் அணாவுமே போதும் என்று 1877-இல் இந்திய சர்க்கார் அனுப்பிய பஞ்சப் பிரதிநிதி சர் ரிச்சர்டு டெம்பிள் விதித்தார். உழைக்கும் உடம்பை அது தாங்காது என்று சுகாதார அதிகாரி கார்னிஷ் மன்றாடியும், சில மாதங்கள் கழிந்த பின்னரே கூலி கூட்டப்பட்டது.

வங்காளத்தில் 1943-இல் பட்டினி பரவியபோதும், அங்கே கிடைத்த உணவு பஞ்சமில்லாத 1941-ஐ விடக் குறைவன்று என்று பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென் கணக்கிட்டுக் காட்டினார். ஆகவே, மழை தவறிய தாலுகாவில் கிடங்கு மூட்டைகளை எண்ணுவதோடு நில்லாமல், ஒரு நாள் கூலிக்கு எத்தனை படி அரிசி கிடைக்கிறது என்று வாராவாரம் சந்தையிலேயே நின்று விசாரித்து, அந்த அளவு குறையத் தொடங்கும் முதல் வாரத்திலேயே வேலையும் வயிறு நிறையும் கூலியும் கொடுக்க அதிகாரிகள் முன்வர வேண்டும்.