பல்லு ஒண்ணு கூடினால் பைக் பறக்குமா?

காலேஜ் பார்க்கிங்கில் பைக் வைத்திருக்கும் நாலு பேர் கூடினால், "முன்னாடி ஸ்பிராக்கெட்ல ஒரு பல்லு ஏத்திப் போடு மச்சி, மைலேஜும் வரும், டாப் ஸ்பீடும் வரும்" என்று ஒருவராவது அருள்வாக்கு சொல்லாமல் இருப்பதில்லை. சொல்பவர் முகத்தில் ஏதோ ராணுவ ரகசியத்தைக் கசியவிட்ட களை வேறு! கொஞ்சம் காசு, கொஞ்ச நேர வேலை, லாபம் ரெண்டு பக்கமும். அப்படி ஒரு வியாபாரம் உலகத்தில் இருந்தால் பைக் கம்பெனிக்காரன் அந்தப் பல்லைத் தானே ஏற்றி, விளம்பரமும் போட்டு விற்றிருக்க மாட்டானா? அவனுக்கு என்ன, ஒரு பல் இரும்புக்கா பஞ்சம்?

கணக்கு ரொம்பச் சின்னது. முன்னால் 14 பல், பின்னால் 42 பல் என்று வைத்துக்கொள்வோம். வகுத்தால் 3. கியர்பாக்ஸ் தண்டு மூணு சுற்று சுற்றினால் பின் சக்கரம் ஒரு சுற்று. முன்னால் 15 போட்டால் அது 2.8 ஆகிவிடும். அதாவது 60 கிலோமீட்டர் வேகத்தில் 5000 சுற்றில் ஓடிய இன்ஜின் இனி சுமார் 4670 சுற்றில் ஓடினால் போதும். (இதே மாற்றத்தைப் பின்னால் செய்ய மூணு பல் குறைக்க வேண்டும். பழைய புல்லட்டில் பின் பல்சக்கரம் பிரேக் டிரம்மோடு ஒட்டியே வரும், அதனால் முன்னால் கை வைப்பதுதான் சுலபம்.) இதுவரை பொய் இல்லை.

பொய் இதற்கு அடுத்த வரியில் ஆரம்பிக்கிறது. சுற்று எத்தனை சதவீதம் குறைந்ததோ, பின் சக்கரத்துக்குப் போகும் இழுவையும் அதே அளவு குறைந்துவிட்டது. பல்சக்கரம் சக்தியை உற்பத்தி செய்வதில்லை. பி.காம் பாஷையில் சொன்னால் இது ஒரு ஜர்னல் என்ட்ரி, அவ்வளவுதான். இழுவைக் கணக்கில் கிரெடிட், வேகக் கணக்கில் டெபிட். கல்லாவில் ஒரு பைசா கூடவில்லை.

அந்த வேகமாவது நிஜமாக வருகிறதா என்றால், ம்ஹூம்... காற்றைக் கிழித்துக்கொண்டு போகத் தேவையான சக்தி வேகத்தின் மும்மடியில் ஏறும். வேகம் 7 சதவீதம் கூட வேண்டுமென்றால் சக்தி 22 சதவீதத்துக்கு மேல் கூட வேண்டும். ஒரு 100 சிசி வண்டி அதற்கு எங்கே போகும்? கடன் வாங்குமா? பல வண்டிகளில் டாப் கியர் போட்டதும் இன்ஜின் தன் முழு பலம் கிடைக்கும் சுற்றை எட்டவே முடியாமல் முக்கும். கடைசியில் பழைய டாப் ஸ்பீடும் போய், அதற்குக் கீழ் கியரில்தான் வண்டி வேகமாக ஓடும் என்ற கூத்தும் நடக்கும். உடனே யாராவது ஆர்எக்ஸ்100-ஐ இழுப்பார்கள். 1996-லேயே உற்பத்தி நின்ற அந்த வண்டி பறந்ததற்கு அதன் டூ ஸ்ட்ரோக் இன்ஜினும் சின்ன எடையும் காரணம். பல் எண்ணிக்கையைக் கும்பிட்டுப் பிரயோஜனமில்லை.

மைலேஜ் விஷயம் கொஞ்சம் நியாயமானது. சமதளமான நாலுவழிச் சாலை, ஒரே ஆள், ஒரே வேகம், இழுவை மிச்சமுள்ள இன்ஜின் என்றால் கொஞ்சம் மிச்சமாகும். ஆனால் இந்த யோசனை அதிகமாகப் போய்ச் சேருவது யாரிடம்? முதுகில் பெட்டியைக் கட்டிக்கொண்டு நாள் முழுக்க சிக்னலுக்கு சிக்னல் நின்று கிளம்பும் டெலிவரி பையன்களிடம். அவர்கள் சொந்தக் காசில் பெட்ரோல் போட்டு ஓட்டுகிறவர்கள். ஒவ்வொரு சிக்னலிலும் கிளட்ச்சைப் பாதி பிடித்துக்கொண்டு கிளம்ப வேண்டியிருக்கிறது, டாப் கியரில் இழுக்காததால் மறுபடி கீழ் கியருக்கு இறங்க வேண்டியிருக்கிறது. பெட்ரோலில் மிச்சம் பிடித்ததாக நினைத்ததைக் கிளட்ச் பிளேட் வாங்கிக்கொள்ளும். பஸ்ஸை ஓவர்டேக் பண்ண நடுரோட்டுக்கு வந்த பிறகு பிக்கப் இல்லை என்று தெரிந்தால் அந்த நஷ்டத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

இதைவிடப் பெரிய காமெடி மீட்டரில் நடக்கிறது. மீட்டர் கேபிள் முன் சக்கரத்திலிருந்து வரும் வண்டிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. கியர்பாக்ஸ் தண்டிலிருந்து வேகத்தை எடுக்கும் வண்டிகளும் உண்டு. அவற்றில் 14-ஐ எடுத்துவிட்டு 15 போட்டால் மீட்டர் 60 காட்டும்போது வண்டி 64-ல் போய்க்கொண்டிருக்கும். அதுவே பிக்கப்புக்காக 13 போட்டால் மீட்டர் அதிகமாகக் காட்டும். நிஜத்தில் லிட்டருக்கு 50 கொடுக்கும் வண்டி மீட்டர் கணக்கில் கிட்டத்தட்ட 54 கொடுக்கும்! "பிக்கப்பும் ஏறிச்சு, மைலேஜும் ஏறிச்சு" என்று சத்தியம் பண்ணுகிறவர்களில் சிலர் நிஜமாகவே பொய் சொல்லவில்லை பாவம், அவர்களுடைய மீட்டர் சொல்கிறது. கம்பெனி பேலன்ஸ் ஷீட்டில் இதைச் செய்தால் ஆடிட்டர் பிடித்துக்கொள்வார். பைக்குக்கு ஆடிட்டர் கிடையாது.

இதற்காக ஸ்பிராக்கெட்டைத் தொடுவதே பாவம் என்று அர்த்தமில்லை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை தினமும் மூட்டையோடு ஏறுகிறவர் முன்னால் ஒரு பல் குறைத்தால் அது புத்திசாலித்தனம். அவருக்கு டாப் ஸ்பீடு எதற்கு? எதைக் கொடுத்து எதை வாங்குகிறோம் என்று அவருக்குத் தெரியும். பெட்ரோல் கொஞ்சம் கூடக் குடிக்கும், தார் ரோட்டில் இன்ஜின் கத்தும், சின்ன பல்சக்கரத்தில் செயின் அதிகமாக மடங்கித் தேயும். தெரிந்தேதான் செய்கிறார்.

மற்றவர்கள் மாற்றித்தான் பார்ப்பேன் என்றால், முதலில் ஒரே பங்க்கில் டேங்கை நிரப்பி, தூரத்தைப் போனில் ஜிபிஎஸ் வைத்து அளந்து, மறுபடி நிரப்பி எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். மாற்றிய பிறகும் அதே ரோட்டில் அதே மாதிரி. தேய்ந்த செயினில் புது ஸ்பிராக்கெட் மாட்டினால் அதையும் சேர்த்துத் தின்றுவிடும், அதனால் செயினையும் பார்த்துவிடுவது நல்லது. கழற்றிய பழைய ஸ்பிராக்கெட்டை மட்டும் மெக்கானிக் கடையிலேயே விட்டுவிட்டு வர வேண்டாம், திரும்ப மாட்டத் தேவைப்படலாம்.