மலையில் கூடும் சுற்றம்

சுற்றம் சூழ வாழ்தலே வாழ்வு என்பது தமிழர் மரபு. வள்ளுவப் பெருந்தகை 'சுற்றந்தழால்' என ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். அஃது 53ஆம் அதிகாரம். அதனை அவர் இல்லறவியலில் வைக்கவில்லை. பொருட்பாலில், அரசியலில் வைத்தார். இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். சுற்றத்தைத் தழுவுதற்கு அன்பு மட்டும் போதாது. நாடாளுவோனுக்குரிய திட்டமும் ஈகையும் பொறுமையும் வேண்டும் என்பது அவ்வைப்புமுறையால் பெறப்படும் கருத்தாகும்.

இஸ்லாம் உறவு பேணுதலை வணக்கத்தின் ஒரு பகுதியாகவே ஆக்கியது. திருமறையின் 4ஆம் அத்தியாயம் தன் முதல் வசனத்திலேயே இறையச்சத்தையும் இரத்த உறவையும் அடுத்தடுத்து வைத்துப் பேசுகிறது. தம்மோடு ஒட்டியவரோடு ஒட்டுதல் வெறும் ஈடு செய்தலே. வெட்டியவரோடும் சென்று ஒட்டுதலே உண்மையில் உறவு பேணல் என்பது நபிமொழி உணர்த்தும் கருத்து.

இற்றை நாளில் நம் சமுதாயக் குடும்பங்கள் பலவற்றில் ஒரு புதுப் பழக்கம் தோன்றியுள்ளது. பாட்டனார் முதல் கைக்குழந்தை வரை மூன்று நான்கு தலைமுறையினர் நாற்பது ஐம்பது பேராய்த் திரண்டு, உதகைக்கோ கொடைக்கானலுக்கோ ஏற்காட்டுக்கோ சென்று இரண்டு மூன்று நாள் ஒன்றாய்த் தங்கி மீளுகின்றனர். இதனை வெளிநாட்டுப் பணம் செய்யும் ஆரவாரம் என்று சில பெரியவர்கள் கடிந்துரைக்கின்றனர். இளைஞர்களோ இதனை ஓர் இன்பச் சுற்றுலாவாக மட்டுமே கருதுகின்றனர். இவ்விரு கருத்துகளும் எனக்கு உடன்பாடல்ல. இக்கூட்டம் நமக்குத் தேவை. ஆயின் அது யாரை அளவுகோலாகக் கொண்டு திட்டமிடப்படுகிறது என்பதைப் பொறுத்தே அஃது உறவுக் கூட்டமாவதும் வெறும் உல்லாசப் பயணமாவதும் அமையும்.

திருமணமும் இறப்பும் போதாவோ?

"திருமண வீட்டில்தான் எல்லாரும் கூடுகிறோமே!" என்பர். முற்காலத்தில் திருமணம் பல நாள் விழா. உறவினர் வீட்டுத் திண்ணைகளில் படுத்து, ஒரே சஹனில் கைவைத்து உண்டு, இரவெல்லாம் பேசிக் களித்தனர். இன்றைய திருமணம் மண்டபத்தில் நிகழ்கிறது. வந்தோர் வாழ்த்தி, நிழற்படம் எடுத்து, உண்டு, விடைபெற மூன்று மணி நேரம் போதும். அந்நேரத்தில் யாரோடு யார் மனம்விட்டுப் பேச இயலும்?

இறப்பு வீட்டின் நிலை இன்னும் உருக்கமானது. இறந்தாரை விரைந்து நல்லடக்கம் செய்தல் நம் மார்க்க நெறி. அந்நெறியின் மேன்மையில் ஐயமில்லை. ஆயின் காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம், கூத்தாநல்லூர் போன்ற ஊர்களின் பிள்ளைகள் துபாயிலும் சவூதியிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் உழைக்கின்றனர். செய்தி அறிந்து விடுப்புப் பெற்று விமானம் ஏறி வருமுன் தந்தையின் ஜனாஸா அடங்கிவிடுகிறது. தாயின் முகத்தைக் கடைசியாகக் காணாத மகன்கள் நம் ஊர்களில் தெருவுக்குத் தெரு உளர். இறப்புக்கு வர இயலாத பிள்ளை, இருக்கும்போதே வரட்டும் என்பதுதான் இத்தகைய கூட்டத்திற்கு நான் காணும் முதற் காரணம்.

ஏன் மலை?

"கூடுவதற்குப் பூர்வீக வீடு இல்லையா? மலைக்கு ஏன் செல்ல வேண்டும்?" என்னும் வினா நியாயமானதே. பூர்வீக வீடுகள் பல பாகம் பிரிந்துவிட்டன, சில விலைபோயின. பெண்மக்களுக்கு வீடு வழங்கும் வழக்கமுள்ள கடற்கரை ஊர்களில், பெயரர்களுக்கு ஆளுக்கொரு வீடு 'தாய் வீடு' ஆகிவிட்டது. ஊருக்கு வந்தால் ஒருவர் மாமியார் வீட்டுக்கும் ஒருவர் கடைத்தெருவுக்கும் ஒருவர் பத்திரப் பதிவுக்கும் பிரிந்து போகின்றனர். மேலும் ஊர் வீட்டில் ஒருவர் விருந்தளிப்பவர், மற்றவர் விருந்தினர். பாகப் பிரிவினையின் பழைய கசப்பு அவ்வீட்டின் சுவர்களிலேயே தங்கியிருக்கும். மலையிலோ எவரும் வீட்டுக்காரர் அல்லர்; எவரும் விருந்தாளியும் அல்லர். எல்லாரும் பயணிகள்.

மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி. அதற்குரிய உரிப்பொருள் புணர்தல் என்பது இலக்கண மாணவர் அறிந்ததே. அது தலைவன் தலைவியரின் கூட்டத்தையே குறிப்பது. எனினும் பிரிவின் நிலமாகிய பாலையில் பொருள்தேடி உழலும் ஒரு சமுதாயம், கூடலுக்குரிய நிலத்தை நாடிச் செல்வது பொருத்தமாகவே படுகிறது.

எந்த மலை, எந்தக் காலம்?

இங்கேதான் திட்டமிடல் தொடங்குகிறது. பெரும்பாலோர் இளைஞரின் விருப்பத்திலிருந்து தொடங்குகின்றனர். குடும்பத்தில் மூத்தவரின் முழங்காலிலிருந்தும் மூச்சிலிருந்தும் தொடங்க வேண்டும் என்பது என் துணிபு.

உதகை கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர். அவ்வுயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையிலுள்ளதைவிட நான்கில் ஒரு பங்கு அளவு குறைவு. இளைஞர்க்கு இது தோன்றாது. இதய நோயும் ஆஸ்துமாவும் உள்ள எழுபது வயது முதியவர்க்குத் தோன்றும். மருத்துவரைக் கேளாமல் அவரை அழைத்துச் செல்லுதல் தகாது. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர். ஏலகிரி அதனினும் தாழ்ந்தது, ஏறத்தாழ 1,100 மீட்டர். குளிரும் மிதம், பாதையும் குறுகிய தொலைவு. வாணியம்பாடி, ஆம்பூர்ப் பகுதியினர்க்கு ஏலகிரி அண்டை மலை. புகழ் பெற்ற மலைக்குச் செல்வதைவிட, பாட்டியார் ஏறி இறங்கக்கூடிய மலைக்குச் செல்வதே மேல். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகள் இளைஞர்க்குக் களிப்பு. தலைச்சுற்றல் உள்ள மூதாட்டிக்குத் தண்டனை.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899இலும், உதகை வரை 1908இலும் ஓடத் தொடங்கிய மலை இரயில், 2005இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. சிறுவர்க்கு அதனைக் காட்ட வேண்டும். ஆனால் 46 கிலோமீட்டரை ஏற அது ஏறத்தாழ ஐந்து மணி நேரம் எடுத்துக்கொள்ளும். ஆகவே பிள்ளைகள் இரயிலிலும் பெரியவர்கள் சிற்றுந்திலும் செல்லுமாறு வகுத்தல் அறிவுடைமை. உதகைக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வாகனங்களுக்கு உயர்நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை வந்தது. 2025 கோடையில் நாள்தோறும் செல்லும் வாகனங்களுக்கு எண்ணிக்கை வரம்பும் விதிக்கப்பட்டது. மலை தாங்கும் அளவுக்கே மக்கள் ஏற வேண்டும் என்பது அதன் உட்கருத்து. பத்து சிற்றுந்துகளில் போவதற்கு மாறாக இரண்டு சிறு பேருந்துகளில் போவது மலைக்கும் நன்மை. உறவுக்கும் நன்மை, பயணத்திலேயே பேச்சுத் தொடங்கிவிடும்.

காலம் குறிப்பது கடினத்திலும் கடினம். தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு மே மாதம் விடுமுறை. வளைகுடா நாட்டு இந்தியப் பள்ளிகளுக்கு ஜூலை, ஆகஸ்ட். சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்கு ஜூனும் டிசம்பரும். ஜூலையில் நீலகிரியில் தென்மேற்குப் பருவமழை. அக்டோபர், நவம்பரில் கொடைக்கானலில் வடகிழக்குப் பருவமழை. டிசம்பர், ஜனவரியில் உதகையில் உறைபனி. நம் பெருநாள்களோ பிறைக் கணக்கில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள் முன்னோக்கி நகர்பவை. 2026, 2027ஆம் ஆண்டுகளில் ஹஜ்ஜுப் பெருநாள் மே மாதத்தில் அமைவதால், ஊரில் பெருநாள் கொண்டாடி, குர்பானி கொடுத்து, அதன் பின் மலையேறும் வாய்ப்பு உண்டு. எல்லார்க்கும் பொருந்தும் நாள் என ஒன்று இல்லை. ஓராண்டுக்கு முன்னரே நாள் குறித்துவிட்டால், விடுப்புக் கேட்போர்க்கும் விமானச் சீட்டு வாங்குவோர்க்கும் வழி பிறக்கும்.

சமைப்பவர் யார்? செலவிடுபவர் யார்?

நான் மிக அழுத்திச் சொல்ல விரும்பும் செய்தி இது. ஆண்கள் புல்வெளியில் அமர்ந்து பழங்கதை பேச, பெண்கள் மூன்று நாளும் அடுப்படியில் வேகுவார்களாயின், அது குடும்பக் கூட்டமன்று; ஆண்களின் ஓய்வு. உதகையில் நீர் ஏறத்தாழ 93 பாகை வெப்பத்திலேயே கொதித்துவிடும். அரிசியும் இறைச்சியும் வேகக் கூடுதல் நேரமும் எரிவாயுவும் வேண்டும். ஐம்பது பேருக்கு அங்கே நெய்ச்சோறு ஆக்குவது எளிய வேலையன்று. ஊரிலிருந்து ஒரு பண்டாரியை உதவியாளருடன் அழைத்துச் செல்லலாம். பாத்திரம் கழுவுதலையும் பரிமாறுதலையும் இளைஞர் ஏற்கலாம். அண்ணல் நபியவர்கள் தம் வீட்டு வேலைகளில் கைகொடுத்தவர்கள் என்பதை மேடைதோறும் முழங்கும் நாம், மலையிலேனும் அதனை நடந்து காட்டலாமே! பெண்கள் தடையின்றி நடமாடவும் சிரித்துப் பேசவும் தனிப்பகுதி உள்ள விடுதியைத் தேர்வதும் இதனுள் அடங்கும்.

அடுத்தது செலவு. ஒரே குடும்பத்தில் கப்பல் நிறுவன அதிகாரியும் இருப்பார். மிதிவண்டியில் துணி விற்பவரும் இருப்பார். "தலைக்கு இவ்வளவு" என்று சமமாகப் பிரித்தால், இல்லாதவர் "விடுப்புக் கிடைக்கவில்லை" என்று கௌரவமாய்ச் சொல்லி ஒதுங்கிக்கொள்வார். அவர் ஏன் வரவில்லை என்று எவரும் கேளார். ஒவ்வொருவரும் தம் வசதிக்கேற்ப மூடிய உறையில் இடட்டும். யார் எவ்வளவு இட்டார் என்பதை மூத்தவர் ஒருவர் மட்டும் அறியட்டும். வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாத ஈகை நம் மார்க்கம் புகழ்வதன்றோ? மொத்தச் செலவு எளிய உறவினரையும் உளப்படுத்தி அமைய வேண்டும். அதற்காக நட்சத்திர விடுதியை விட்டு எளிய விடுதிக்குச் செல்ல நேர்ந்தால் செல்வோம். வீண்விரயம் என்னும் பெரியவர்களின் குற்றச்சாட்டுக்கும் அதுவே விடை.

அழைப்பிலும் நேர்மை வேண்டும். சகோதரிகளின் மக்களும், விதவையான சிற்றன்னையும், சொத்து வழக்கில் பேச்சற்றுப்போன பெரிய தந்தையார் குடும்பமும் அழைக்கப்பட வேண்டும். அவர்களை அழைக்கக் குறுஞ்செய்தி போதாது. மூத்தவர் ஒருவர் நேரில் செல்லுதல் வேண்டும். வந்தால் மகிழ்ச்சி; வாராவிடினும் வாயில் திறந்திருந்தது என்பது அவர் நெஞ்சில் நிற்கும்.

அங்கே செய்வன

இரு மத்ஹபினரும் மணவுறவால் கலந்த குடும்பங்கள் நம்மிடையே உள. பயணத்தில் தொழுகையைச் சுருக்குதல் பற்றியும் சேர்த்துத் தொழுதல் பற்றியும் ஷாஃபிஈ, ஹனஃபி சட்டங்கள் வேறுபடும். ஊர் ஆலிமிடம் முன்னரே கேட்டறிந்தால், மலையில் வீண் வாதம் எழாது. ஐவேளையும் ஓரிடத்தில் அணிவகுத்து நிற்கும்போது பாட்டனார் அருகில் பெயரன் நிற்பானே, அந்தக் காட்சிக்காகவே மலையேறலாம்.

தமிழ் பயிற்றுபவன் என்ற முறையில் ஒரு வேண்டுகோள். காக்கா, ராத்தா, சாச்சா, சாச்சி, நன்னா, நன்னி, பெத்தாப்பா என நம் இல்லங்களில் வழங்கிய முறைப்பெயர்கள் 'அங்கிள்', 'ஆன்ட்டி' என்னும் இரு சொற்களுக்குள் அடங்கிவருகின்றன. சொல் மறைந்தால் முறையும் மறையும். முறை மறைந்தால் உரிமையும் கடமையும் மறையும். ஓர் இரவு தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் ஒதுக்கிவிட்டு, மூத்தோரை நடுவில் அமர்த்தி வமிசாவளியைச் சொல்லச் சொல்லுங்கள். மாணவச் செல்வங்கள் அதனை எழுதட்டும். குரலையும் பதிவு செய்யட்டும். இரங்கூனுக்கும் கொழும்புக்கும் பினாங்குக்கும் சென்ற கணவர்க்கு நம் மூதாட்டியர் அரபுத் தமிழில் எழுதிய கடிதங்கள் எவர் பெட்டியிலேனும் இருப்பின் கொண்டு வாருங்கள். அவற்றைப் படிக்க வல்லோர் இன்று ஒரு சிலரே. அவர்கள் உள்ளபோதே படித்துக் கேட்டுவிட வேண்டும்.

நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூப்பது. மூணாற்று மலைகளில் 2006இல் பூத்தது, 2018இல் பூத்தது, அடுத்த பூப்பு 2030இல் எதிர்பார்க்கப்படுகிறது. ஒரு பூப்புக்கும் மறு பூப்புக்கும் இடையே நம் குடும்பங்களில் எத்தனை மூத்தோர் மறைந்தனர் என்று எண்ணிப் பாருங்கள். மலர் தன் காலத்தில் மீண்டும் வரும், மனிதர் வாரார். ஆகவே வரும் ஆண்டுக்கென ஒத்திவைக்காது, இந்த ஆண்டே குடும்பத்தின் மூத்தவரிடம் சென்று, "தங்களால் எந்த மலை ஏற இயலும்?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் விடையிலிருந்து திட்டம் தொடங்கட்டும்.

உறவுகளைச் சேர்த்து வாழும் நற்பேற்றை வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக!