குற்றவாளி இயந்திரமன்று

“டயலிசிஸ் தொடங்கினால் மரணம் நெருங்கிவிடும்” என்னும் கூற்றினைப் பாமரர் மட்டுமன்றிப் பட்டதாரிகளும் ஓதி வருகின்றனர். தர்க்கம் பயின்றோர் வாயிலிருந்து இது வருவதே வெட்கத்திற்குரியது. மழை பெய்தபோது குடைகள் விரிந்தன. ஆகவே குடையே மழையைக் கொணர்ந்தது என்பாருமுளரோ?

1943 இல் ஒல்லாந்து வைத்தியர் வில்லெம் கொல்ஃப் அமைத்த கருவி முதல் இன்றுவரை அவ்வியந்திரத்தின் பணி ஒன்றே: நலிந்த சிறுநீரகம் அகற்றத் தவறிய கழிவையும் மிகைநீரையும் அகற்றுதல். அது சிறுநீரக நோயைத் தீர்ப்பதுமில்லை, தோற்றுவிப்பதுமில்லை. நோயாளர் பலரை மரணத்தின் வாயில்வரை கொண்டுசெல்வது காலதாமதமேயாகும்.

அத்தாமதத்தை வளர்ப்பது பிறிதொரு மயக்கம்: நோவில்லையேல் நோயில்லை என்பது. சிறுநீரகமோ தன் ஆற்றலின் பெரும்பகுதியை இழக்கும்வரை பெரும்பாலும் மௌனம் காக்கும். வீக்கமும் களைப்பும் தோன்றுங்கால் நோய் முற்றியிருக்கும்.

வடமத்திய மாகாணத்தில் 1990களில் இனங்காணப்பட்ட சிறுநீரக நோய், நீரிழிவோ உயர் குருதியமுக்கமோ இல்லாத விவசாயிகளைப் பற்றியது. அதன் மூலகாரணம் இன்றும் ஐயந்திரிபற நிறுவப்படவில்லை. அன்று அவ்விவசாயிக்கு முன்னெச்சரிக்கை ஏதுமிருக்கவில்லை. நீரிழிவுடனும் உயர் குருதியமுக்கத்துடனும் வாழும் கற்றோருக்கோ அந்நோய்களே எச்சரிக்கையாகும். சிறுநீரில் புரதத்தையும் குருதியில் கிரியற்றினினையும் ஆண்டுதோறும் சோதிப்பித்தல் அரிய காரியமன்று. அதனைச் செய்யாதிருந்து, இறுதியில் இயந்திரத்தின்மீது பழி சுமத்துவது அறிவுடைமையாகுமா? அறியாமையைக் கிராமத்திலே தேடுமுன் நம் மனைகளிலே தேடுவோமாக.